பொலித்தீன் கிழியாத கார்

புதுக் காரின் சீற்றில் உள்ள பொலித்தீனைக் கழற்றாமல் ஓடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இரண்டு வருடம் ஓடிய காரிலும் அது இருக்கும். வெயிலில் தொடையில் ஒட்டும், முதுகில் வியர்வை வழியும், ஏறி இறங்கும்போதெல்லாம் சரசரக்கும். ஆனாலும் ஒருவரும் கழற்ற மாட்டார்கள். அது இருக்கும் வரைக்கும் கார் புதிது. நான் வேலை செய்த கார் சேலில், கார் விற்கிற இடத்தில், அந்தப் பொலித்தீன் ஆளுயரச் சுருளாகச் சாமான் அறை மூலையில் நின்றது. அதை அளந்து வெட்டி, சுருக்கம் விழாமல் சீற்றுக்குப் போட்டு, அடியில் கிளிப் அடிப்பது என்னுடைய வேலை. கம்பனியில் போட்டதற்கும் நான் போட்டதற்கும் வித்தியாசம் தெரியாது. அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாம்பல்தீவில் பிறந்தாலும் அங்கே சேர்ந்தாற்போல இரண்டு வருடம் இருந்ததில்லை. ஐஸ் போடுகிற இடத்தில் நின்றேன், கொழும்பில் ஹோட்டலில் கோப்பை கழுவினேன், கட்டாரில் லொறி ஓடினேன், திரும்பி வந்து வள்ளங்களுக்கு வலை தைத்தேன். எங்கேயும் கால் நிற்காது. திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குப் போகிற றோட்டில் இருந்த அந்தக் கார் சேலில் மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டேன். காரணம் பெரிதாக இல்லை. படுக்க ஒரு அறை தந்தார்கள், கார் ஓடத் தந்தார்கள்.

முதலாளிக்கு ஒரே வளவில் இரண்டு தொழில். றோட்டுப் பக்கம் விற்பனை, பின்பக்கம் வாடகைக் கார். நடுவில் ஒரு தகரக் கேற். காலையில் கேற்றுக்குப் பின்னால் நின்ற கார் பின்னேரம் கழுவித் துடைத்து முன்னால் நிற்கும். நிலாவெளிக்கு ஆட்கள் கூடுதலாக வருகிற மாதங்களில், முன்னால் நின்றது பின்னால் போகும். வாங்க வருகிறவர்கள் அந்தக் கேற்றைக் கண்டதில்லை. அதை மறைத்து ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தது.

அப்படி வாடகைக்கு ஓடிய காருக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது: "ஓடிப் பாத்தது." பாவித்தது என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. வாங்க வந்தவர் மீற்றரைப் பார்த்துவிட்டு, "இது ஓடியிருக்கே?" என்று கேட்டால், "ஓம் ஐயா, ஓடிப் பாத்தது" என்போம். யார் ஓடிப் பார்த்தது, எங்கே, எத்தனை பேர் என்று அதற்குமேல் கேட்பவர்கள் குறைவு. பொலித்தீனைக் கையால் தடவுவார்கள். முகம் தெளிந்துவிடும்.

வாடகைக்கு எடுத்தவன் காரை எப்படி வைத்திருந்தான் என்பது கழுவுகிறவனுக்குத்தான் தெரியும். இஞ்சின் சூடேற விடாமல் மிதிப்பான். பள்ளத்தைக் கண்டாலும் விலக்க மாட்டான். தன் வாசலில் நிற்கிற காருக்கு அப்படிச் செய்ய அவனுக்கு மனம் வராது. நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. வாடகைக்கு விடுமுன் புது ரயர் நாலையும் கழற்றி வைத்துவிட்டுத் தேய்ந்ததைப் போடுவோம். விற்க வரும்போது புதியதைத் திரும்பப் போடுவோம்; ரயரில் உள்ள ரப்பர் முள்ளுகூட உதிர்ந்திருக்காது. ஒயில் மாற்றுகிற நேரம் வந்தால், விற்கப்போகிற கார்தானே, வாங்குகிறவன் மாற்றட்டும் என்று விட்டுவிடுவோம். ஆறு மாதக் கார் என்றால், அந்த ஆறு மாதமும் அது யாருடைய காராகவும் இருந்ததில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்குப் பயத்தைத் தந்ததில்லை. பயம் அந்த வெள்ளைக் காரோடுதான் வந்தது.

அது யப்பானில் இருந்து வந்த சின்னக் கார். பாதி பெற்றோலிலும் பாதி பற்றரியிலும் ஓடுவது. வந்து நாலு மாதம் இருக்கும். ஒரு கலியாண வீட்டுக்காரர் இரண்டு நாளைக்கு எடுத்தார்கள். மாப்பிள்ளை பொம்பிளையைப் படம் எடுப்பதற்காக இறக்கக்கண்டியில் களப்பு கடலோடு சேர்கிற இடத்துக்குக் கொண்டுபோய், ஈர மணலில் இறக்கி, அலைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். படம் எடுத்து முடிகிறபோது சில்லு நாலும் புதைந்துவிட்டது. தள்ளத் தள்ள இன்னும் கீழே போனது. பிறகு தண்ணீர் ஏறியது. எங்களுக்குத் தகவல் வந்து, நானும் எங்கள் மெக்கானிக்கும் போய்ச் சேர்ந்தபோது சீற்றின் உயரத்துக்குக் கடல் உள்ளே இருந்தது. வள்ளம் இழுக்கிற உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டி இழுத்தோம். கதவைத் திறந்ததும் தண்ணீரும் மணலும் சாதாளை என்கிற கடல் பாசியும் என் காலில் விழுந்தன. சீற்றுக்கு மேலே பொலித்தீன் கிழியாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கத்தால் ஏறிய தண்ணீரை அது பை மாதிரிப் பிடித்து வைத்திருந்தது.

மெக்கானிக் கிண்ணியாவைச் சேர்ந்தவர். எல்லோரும் அவரை நாநா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கையை ஸ்டியரிங்கின் கீழே விட்டுத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி எண்டா காயும் தம்பி," என்றார். "உப்புத் தண்ணி காயிறல்ல. ஒளிச்சிருக்கும். கம்பிய உள்ளுக்கிருந்து தின்னும்."

"அப்ப இது சரிவராதா நாநா?"

"சரிவரும். ஓடும். நல்லாத்தான் ஓடும்." சிரித்தார். "எப்ப ஓடாதெண்டுதான் சொல்ல ஏலா."

மூன்று நாள் வேலை. சீற்றைக் கழற்றினோம், கார்பெற்றை உரித்து வெயிலில் போட்டோம், நல்ல தண்ணீர் அடித்தோம், காற்றடித்தோம். நாநா இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மருந்து அடித்தார். முன் சீற் பெல்ட் இரண்டையும் நான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். பிறகு சுருளில் இருந்து புதுப் பொலித்தீன் வெட்டிப் போட்டேன். நாலாம் நாள் அந்தக் கார் பதாகைக்கு முன்னால் நின்றது. சீற்றுக்குள் பஞ்சு முழுதாகக் காய்ந்ததா என்று யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

முதலாளி என்னை ஓடிப் பார்க்கச் சொன்னார். சீனன்குடாப் பக்கம் கொண்டுபோனேன். சத்தமே இல்லாமல் போனது. திரும்பி வருகிற வளைவில் திடீரென்று மீற்றரில் உள்ள எச்சரிக்கை லைட்டுகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஸ்டியரிங் என் கையில் இறுகியது. பூட்டவில்லை; ஆனால் கல்லைத் திருப்புகிற மாதிரி. முழுப் பலத்தையும் கொடுத்து வளைத்தேன். நாலைந்து மூச்சு விடுகிற நேரம். பிறகு லைட்டுகள் அணைந்தன. ஸ்டியரிங் பழையபடி ஒரு விரலுக்குச் சுழன்றது. கரையில் நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். கட்டாரில் பாலைவனத்தில் ரயர் வெடித்து லொறி கவிழ்ந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. வெடித்த ரயரைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே பார்க்க ஒன்றுமில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கணக்கில் எடுக்கவில்லை. "தண்ணியில நிண்டது கார். ஈரம் ஏறினது உனக்கு," என்றார். நாநா கம்பியூட்டரைக் கொழுவி, வந்த எச்சரிக்கையை அழித்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் சாமான் பெட்டியைப் பார்த்தார்.

அந்தக் கிழமையே அதை வாங்க ஒருவர் வந்தார். அன்புவழிபுரத்தில் இருந்து ஒரு ரீச்சர். கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். ஓட்டுநர் அனுமதி எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடவே அவருடைய அப்பா. பெரிய வயிறு, வெள்ளைச் சேட், அரசாங்க பஸ்ஸில் முப்பது வருடம் சாரதியாக இருந்து ஓய்வெடுத்தவர். அவர் ரயரைத் தட்டினார், பொனற்றைத் திறந்தார், இஞ்சினைக் காணவில்லை என்று பகிடி விட்டார். இந்த மாதிரிக் காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸைப் பற்றி எல்லாம் தெரியும்.

"ஏழு நாள் ஓடிப் பாருங்கோ ரீச்சர்," என்றார் முதலாளி. "மனசுக்குப் பிடிக்கேல்லையெண்டா கொண்டுவந்து விடுங்கோ, ஒரு கதையும் இல்லை. ஆனா பொலித்தீன் கிழியப்படாது. கிழிஞ்சா அது பாவிச்ச கார். கிழியாட்டி ஓடிப் பாத்த கார்."

"எனக்குத் தனிய ஓடப் பயம்," என்றார் ரீச்சர். "அந்தப் பாலத்தில எல்லாம்..."

முதலாளி என்னைக் கையால் காட்டினார். "இவர் ஏழு நாளும் உங்களோட பக்கத்தில இருப்பார். சும்மா. எங்கட சேவை."

எனக்கு அப்போது புரிந்தது ஒன்றுதான். அந்தக் கார் இறுகப்போகிற நேரத்தில் நானும் உள்ளே இருப்பேன். ஏன் அந்த இடத்திலேயே சொல்லவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சொன்னால் அன்று இரவு படுக்க இடம் இல்லை. அது ஒன்று. மற்றது, ஒரு வருடமாக "ஓடிப் பாத்தது" என்று சொல்லிச் சொல்லி வாய் அதற்கே பழகியிருந்தது. பொலிசுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? கார் நனைந்தது குற்றமில்லை.

அடுத்த நாள் காலை தொடங்கினோம். ரீச்சர் ஓட, நான் இடப்பக்கம், நான் ஐயா என்று கூப்பிட்ட அவருடைய அப்பா பின் சீற்றில் நடுவில். மகளின் ஓட்டத்தில் நம்பிக்கை இல்லாமல் அவரும் ஏழு நாளும் வந்தார். பள்ளிக்கூடத்தில் ரீச்சரை இறக்கிவிட்டு, நானும் ஐயாவும் வாசலில் தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டு, பள்ளி விட்டதும் கூட்டிவருவோம். சனி ஞாயிறிலும் ரீச்சருக்கு அங்கே மேலதிக வகுப்பு இருந்தது. வெள்ளைமணல் தாண்டியதும் பாலம் வரும். நீளமான பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் குடா. காலையில் சைக்கிள், ஓட்டோ, மீன் கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான். பாலம் தொடங்கும்போது என் வலது கை தானாகவே ஸ்டியரிங்குக்குக் கிட்டப் போகும். முடிகிறவரைக்கும் அங்கேயே நிற்கும்.

"தம்பி என்ன, பொம்பிளை பாக்கப் போறவர் மாதிரி விறைச்சுப்போய் இருக்கிறார்?" என்றார் ஐயா.

"அப்பா, சும்மா இருங்கோ. எனக்குக் கவனம் சிதறுது."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. பிறேக்கை மிதியாத, அந்தாள் கைகாட்டுறான், விடு, விடு, ஆ, சரி. நான் ஒண்டும் சொல்லேல்லை."

முதல் நாளே அவரைப் பெல்ட் போடச் சொன்னேன். பயத்தில்தான். அவர் பெரிதாகச் சிரித்தார்.

"முப்பது வருஷம் பஸ் ஓடினனான். பெல்ட் கட்டினது காற்சட்டைக்கு மட்டுந்தான்."

எங்கள் பக்கத்தில் பின்னால் இருக்கிறவர் பெல்ட் போடுவதில்லை. நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. நடந்துவிட்டால் முடிந்துவிடும். இரவு அறையில் படுத்தால் இறுகுகிற ஸ்டியரிங் உள்ளங்கையில் இருக்கும். நாலாம் நாள், சாய்ந்து பார்த்தபோது, பின் சீற்றின் பொலித்தீனுக்கு உள்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. ஐயாவின் வியர்வை வெளியே, இது உள்ளே. அதைக் கண்டுவிட்டு நான் முன்னால் திரும்புகிற நேரம் லைட்டுகள் எல்லாம் எரிந்தன.

பாலத்துக்கு ஏறுகிற இடம். எதிரே பஸ். ரீச்சர் இடப்பக்கம் ஒதுங்கத் திருப்பினார். பாதியில் ஸ்டியரிங் நின்றுவிட்டது. கார் நேரே போனது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரின் நாலு கையும் சேர்ந்துதான் அதைத் திருப்பின. பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் போனான். லைட்டுகள் அணைந்தன. பாலத்தின் மேல் நாங்கள் ஒன்றும் நடக்காதது போல் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

ரீச்சரின் முகம் வெளிறியிருந்தது.

"என்ர பிழையோ அண்ணை?"

நான் சொன்னது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

"ஓம் ரீச்சர். கையை இறுக்கிப் பிடிச்சிட்டீங்கள். அதுதான் இறுகினது. லேசாப் பிடிக்கோணும்."

"சொறி அண்ணை," என்றார் அவர். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஐந்தாம் நாள் ரீச்சர் ஸ்டியரிங்கை விரல் நுனியால் பிடித்திருந்தார். கணிதம் படிப்பிக்கிறவர், ஒன்றைச் சொன்னால் அப்படியே செய்வார். "இப்பிடியோ அண்ணை? லேசா இருக்கோ?" என்று பாலத்தில் வைத்துக் கேட்டார். முட்டை பிடிக்கிற மாதிரி இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல். ஆறாம் நாள் அதிலும் குறைத்துவிட்டார். தேறிவிட்டோம் என்று அவருக்குச் சந்தோசம். எனக்குப் பயம். அடுத்த தடவை அது இறுகினால் இந்த விரல்கள் வழுக்கிவிடும். ஏழு நாள் முடிந்தால் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். இறுக்கிப் பிடிக்கத் தெரிந்திருந்த ஒருவருக்கு நான்தான் விடப் பழக்கியிருந்தேன்.

அன்று பின்னேரம் வளவில் வேறொரு வாடகைக் காரைக் கழுவினேன். எடுத்தவர்களின் பிள்ளை பின் சீற்றில் சத்தி எடுத்திருந்தது, பெல்ட்டிலும் பட்டிருந்தது. முழுதாக இழுத்துக் கழுவியபோது கை அப்படியே நின்றது. வெள்ளைக் காரில் பின் பெல்ட்டை நான் இழுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பின் பெல்ட்டை யாரும் தொடுவதில்லை, அதனால் கழுவுகிறவனும் தொடுவதில்லை. கடல் உள்ளே ஏறிய நேரம் அது சுருளுக்குள் இருந்தது. பிறகு ஒருமுறையும் வெளியே வந்ததில்லை. பொலித்தீனைக் கிழித்துக் காட்டினால் ரீச்சரால் காரைத் திருப்பிக் கொடுக்க ஏலாது. வாயால் சொன்னால், வேலையில் கோபித்தவன் கட்டிய கதை என்று முதலாளி சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார். ஆனால் பெல்ட்டை இழுக்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பாலத்துக்கு முன்னால், ஒரு கடையடியில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"ஐயா, பெல்ட்டைப் போடுங்கோ."

"திரும்பவும் தொடங்கிட்டாரடாப்பா. தம்பி, எனக்கு அது எட்டாது. வயிறு விடாது."

"எட்டும் ஐயா. முழுசா இழுங்கோ. இண்டைக்குக் கடைசி நாள், எனக்காக."

"கடைசி ஆசையோ?" என்றார். மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு இழுத்தார். முதல் முழம் புதிதாக வந்தது. பிறகு கரகரவென்று சத்தம் கேட்டது. அவர் வயிற்றைச் சுற்றி வர அது முழு நீளத்துக்கும் வரவேண்டியிருந்தது. கடைசி இரண்டு முழமும் வெள்ளை பூத்து, மடமடவென்று காய்ந்த தோல் மாதிரி வந்தன. அவருடைய சேட்டில் மணல் கொட்டியது. ஒரு துண்டுக் கடல் சாதாளை, கறுத்துக் காய்ந்தது, மடியில் விழுந்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். பெல்ட்டில் விரலை வைத்து நாக்கில் தொட்டார்; நாநா செய்த மாதிரியே. பகிடி முகத்தில் இருந்து போய்விட்டது.

"இது குளிச்ச காரோ, தம்பி?"

"ஓம் ஐயா. இறக்கக்கண்டியில. சீற் மட்டத்துக்கு."

"உனக்குத் தெரியுமோ?"

"நான்தான் கழுவினனான்."

ரீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார்.

"அப்ப அண்டைக்குப் பாலத்தில... அது என்ர கையில்லையோ?"

"இல்லை ரீச்சர்."

"நான் இறுக்கிப் பிடிச்சதில்லையோ?"

"நீங்கள் பிடிச்ச பிடிதான் சரி. நான் சொன்னது பொய். இறுக்கிப் பிடிச்சதாலதான் தப்பினனாங்கள்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த பஸ்ஸுக்குக் கையை நீட்டினார். ஏறும்போது திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல, அப்பாவை. "கவனம் அப்பா," என்றார். பஸ் பாலத்தில் ஏறிச் சின்னதாகும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"திறப்பை விட்டிட்டுத்தானே போனவள்?" என்றார் ஐயா. "தள்ளு. நான் ஓடுறன்."

"ஐயா, இறுகினா..."

"இறுகட்டும். நான் ஓடின பஸ் எல்லாம் பிறந்ததே இறுகித்தான்."

அவர் வாகனம் திருப்புகிற விதம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. தோளால் திருப்பினார். சீனன்குடாவுக்கு முன்னால் ஒருமுறை லைட்டுகள் எரிந்தன. "ஆ, வந்திட்டார்," என்றார். கை தளரவில்லை, கார் கோட்டை விட்டு விலகவில்லை. அது தானாக இளகியதும், "இவ்வளவுதான் இவற்ற பலம்," என்றார். ஆனால் வளவு வாசலில் நிறுத்தியபோது அவருடைய வெள்ளைச் சேட் முதுகில் ஒட்டியிருந்தது. இறங்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"எனக்கு ஒரேயொரு பிள்ளை," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி சிரித்த முகத்தோடு வந்தார். பொலித்தீனை ஒவ்வொரு சீற்றாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கிழியவில்லை. தம்பிதான் இழுக்கச் சொன்னவர் என்று ஐயா பின் பெல்ட்டை அவருக்கு முழுதாக இழுத்துக் காட்டினார். முதலாளி சொன்ன சொல்லில் நின்றார். அதைப் பொய் சொல்லக்கூடாது. ஒரு கதையும் இல்லாமல் ரீச்சர் கட்டியிருந்த முற்பணம் முழுதையும் திருப்பிக் கொடுத்து, ஐயாவுக்குச் சோடா உடைத்துக் கொடுத்து, ஓட்டோ பிடித்து அனுப்பினார். ஐயா சோடாவைக் குடிக்கவில்லை. எனக்கு ஏச்சு வரும், அறையைக் காலி பண்ணச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை.

காலையில் கதவைத் திறந்தபோது வெள்ளைக் கார் வெயிலில் நின்றது. நாலு கதவும் அகலத் திறந்திருந்தன. பின் பெல்ட்டுகளைக் கடைசிவரைக்கும் இழுத்து, கதவுகளுக்கு மேலால் போட்டு, உடுப்புக் காயப் போடுகிற கிளிப் பூட்டியிருந்தது. அவற்றில் இருந்து சவர்க்காரத் தண்ணீர் சொட்டியது. முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பல் துலக்குகிற பிரஷால் சுருளின் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்தில் அவர் கார் கழுவி நான் கண்டதில்லை.

"வா தம்பி," என்றார். "நீ காட்டினது நல்லதாப் போச்சு. இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கிறன், இது எனக்கு விளங்கேல்லை பார். இனி எல்லாக் காருக்கும் பின் பெல்ட்டையும் பாப்பம்."

உண்மையாகவே நன்றி சொன்னார். முகத்தில் கோபம் ஒரு பொட்டும் இல்லை. நான் அவருக்குப் பயந்தது அப்போதுதான்.

"ஞாயிற்றுக்கிழமை கந்தளாயில இருந்து ஒரு குடும்பம் வருது. சின்னப் பிள்ளையள் இருக்காம். நீ ஏழு நாள் கூடப் போய் இரு. உன்னோட போனா சனத்துக்கு நம்பிக்கை."

நான் "ஓம்" என்றேன். பிறகு நாநாவிடம் போனேன். அவர் ஒரு காருக்குக் கீழே படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"நாநா, அந்த ஸ்டியரிங் பெட்டியை மாத்த ஏலாதா?"

"மாத்தலாம். புதுசு எடுக்கணும்." ஸ்பானரால் எதையோ முறுக்கினார். "நான் சொல்லிட்டன் தம்பி. முதல் நாளே சொல்லிட்டன். நீ இனித்தான் சொல்லப்போறாய் போல."

யாரிடம் சொல்வது? கந்தளாய்க் குடும்பத்தின் முகவரி எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அங்கே நின்று, அவர்கள் முன்னால் சொல்லலாம். அதற்குத் துணிவு வரும் என்று என்னை நான் நம்பவில்லை. ரீச்சரின் "சொறி அண்ணை"யைக் கேட்டுவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் நான்.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனார். நான் வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு றோட்டைக் கடந்து, மீன் இறக்குகிற பக்கமாகத் துறைமுகத் தண்ணீருக்கு இறங்கினேன். அமுக்கிப் பிடித்து நிரப்பினேன். ஒரு பிடி ஈர மணலையும் உள்ளே போட்டேன். திரும்பி வந்து வெள்ளைக் காரின் முன் சீற்றில், ஏழு நாளும் நான் இருந்த அந்த இடப்பக்கத்தில் இருந்தேன். பொலித்தீன் சரசரத்தது. பெல்ட்டை இழுத்து மடியில் வைத்து, மார்புக்குக் குறுக்கே வருகிற நீளத்தை மட்டும் கடல் தண்ணீரால் நனைத்து மணலைத் தேய்த்தேன். அதற்கு மேல் நனைக்கவில்லை. உப்பு ஏறிச் சுருள் பிடித்துவிட்டால் வேண்டிய நேரத்தில் அது ஒருவரைக் காப்பாற்றாது. அந்தப் பயமும் இருந்தது. ஊறும் வரைக்கும் வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்தேன். அது மணலை அரைத்துக்கொண்டு, கரகரவென்று மெதுவாக உள்ளே போனது. முன் பெல்ட்டுகளை முதலாளி திரும்பப் பார்க்க மாட்டார். அவை முதலே கழுவியவை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குள் அது காய்ந்து வெள்ளை பூத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கந்தளாய்க்காரர் ஓடிப் பார்க்கும்போது பக்கத்தில் மனைவியோ தாயோ இருப்பார். பெல்ட்டை இழுப்பார். உடுப்பில் வெள்ளைக் கோடு விழும், மடியில் மணல் விழும். அது என்ன என்று ஒருவராவது விரலை வைத்துப் பார்க்கவேண்டும். நாக்கில் வைக்கவேண்டும்.

உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். முதலில் வெளிக்கிட்டது வவுனியா பஸ். ஏறினேன்.

அவர்கள் அதை இழுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. இடப்பக்கம் இருந்தவர் பெல்ட் போடாமலே இருந்திருக்கலாம். முதலாளி மணலைக் கண்டிருக்கலாம். இப்போது நான் இருக்கிற ஊரிலும் அந்த மாதிரி வெள்ளைக் கார்கள் நிறைய ஓடுகின்றன. எதிரே ஒன்று வந்தால் றோட்டுக் கரையை விட்டு இறங்கி நின்று, அது என்னைக் கடந்து போகும் வரைக்கும் ஓடுகிறவரின் கையைப் பார்ப்பேன். இறுக்கிப் பிடித்திருக்கிறாரா என்று.